லாப்ரடார் ஆலயத்துப் பாட்டு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் கிழக்கு ஓரத்தில், லாப்ரடார் கடற்கரையில் வாழும் இனுயிட் பழங்குடி மக்கள், மொரேவியன் என்ற கிறிஸ்தவச் சபை வழியாக வந்த தங்கள் பழைய வழிபாட்டு முறைக்கு மீண்டும் உயிரூட்ட முயல்வதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். இப்படியொரு பொருளுக்குத் தமிழ் நாளிதழில் முழுப் பக்கம் கிடைத்ததே பெரிது. ஆனாலும் சில இடங்களில் மறுத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுரையோடு வந்த படம், பனிவீட்டு வடிவில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கும் அந்த ஆலயம், லாப்ரடாரின் நெயின் ஊரில் இல்லை. அது இக்காலுயிட் நகரிலுள்ள புனித ஜூட் பேராலயம். ஆங்கிலிக்கன் சபைக்குச் சொந்தமானது. 2005இல் தீக்கிரையாகி, 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது. நெயினிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. நெயின் ஆலயம் கடலோரத்தில் நிற்கும் மரக் கட்டடம். அதைப் பார்த்து யாரும் சுற்றுலா அட்டை அச்சிட மாட்டார்கள்.

பெரிய விஷயம், கட்டுரையின் தொனி. மிஷனரிகள் விட்டுச்சென்ற ஐரோப்பியச் சடங்கை இந்த மக்கள் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்காத குறையாக எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். கடைசிப் பத்தியில், பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் போதும் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். நான் பொறையாற்றுக்காரன். லுத்தரன் குடும்பம். நெயினில் கணித ஆசிரியராகச் சில குளிர்காலங்கள் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மரக் கட்டடத்தில் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். (ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம் என்ற பழைய ஒழுங்கு அங்கே நெடுங்காலம் இருந்தது, எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.) அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மொரேவியன் சபை ஏதோ ஒரு ஜெர்மன் கிளைச் சபை அல்ல. 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி ஜான் ஹஸ்ஸின் வழிவந்தவர்கள் 1457இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) தொடங்கியது. லூத்தர் பிறப்பதற்கு முன்பே இருந்த சபை என்பதை லுத்தரனாகிய நானே ஒப்புக்கொள்கிறேன். அடக்குமுறையில் ஏறத்தாழ அழிந்து, 1720களில் ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில், ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பில் மறுபடி முளைத்தது. அங்கேதான் அவர்கள் ஆதிச் சபையின் வழக்கங்களைத் தேடி எடுத்தார்கள். புதிய ஏற்பாட்டில் வாசிக்கிறோமே, ‘அன்பின் விருந்து’, அதை 1727இல் மறுபடி தொடங்கினார்கள்; ஆலயத்துக்குள்ளேயே பாடிக்கொண்டு, ரொட்டியும் பானமும் பகிர்ந்து உண்பது. ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் கூடி விசுவாச அறிக்கை சொல்வது 1732இல் தொடங்கியது. பரிசுத்த வாரத்தில் இரவுதோறும் கூடி, நான்கு சுவிசேஷங்களையும் இணைத்துத் தொகுத்த பாடுகளின் வரலாற்றைப் பாட்டு இடையிட்டு வாசிப்பதும் அவர்கள் வழக்கம்.

இவையெல்லாம் 1771இல் நெயினுக்கு வந்தன. அதற்கு முன் 1752இல் லாப்ரடாருக்கு வந்த முதல் குழு தோற்றது. அதன் தலைவர் எர்ஹார்ட் கொல்லப்பட்டார். பிறகு, கிரீன்லாந்தில் மொழி கற்றிருந்த யென்ஸ் ஹாவன் என்ற தச்சர் வந்து, கரையில் நின்றவர்களிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசினார். 1769இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அரசு நிலம் ஒதுக்கியது. நெயினுக்குப் பின் 1776இல் ஓகாக், 1782இல் ஹோப்டேல், 1830களில் ஹெப்ரான் என்று கடற்கரை நெடுக நிலையங்கள் எழுந்தன. இந்த வரலாறு கட்டுரையிலும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அது மிஷனரிகளோடு தொடங்கி மிஷனரிகளோடு முடிந்துவிடுகிறது. நான் குறை சொல்வது அங்கேதான்.

இசையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாதி கடப்பதற்குள் அந்த நிலையங்களில் வயலின்கள், செல்லோ, ஆர்கன், பித்தளைக் குழல்கள் எல்லாம் இருந்தன. கிறிஸ்தியான் கிரேகோர், லட்ரோப் போன்ற மொரேவியன் இசையமைப்பாளர்களின் பாடல்களும், ஹைடனிடமிருந்து தழுவியவையும், இனுக்டிடுட் மொழியின் லாப்ரடார் வழக்கில் நான்கு குரல்களில் பாடப்பட்டன. வாசித்தவர்களும் பாடியவர்களும் இனுயிட்கள். கையால் பிரதி எடுத்தவர்களில் இனுயிட்கள் இருந்தார்கள். குழுவை நடத்தியவர்களும் ஆர்கன் வாசித்தவர்களும் நாளடைவில் அவர்களே ஆனார்கள். மிஷனரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பாடகர் குழு அப்பனிடமிருந்து மகனுக்கும் அத்தையிடமிருந்து மருமகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

பிரதி எடுத்தவர்கள் இருந்ததை இருந்தபடி எழுதவில்லை. தங்கள் குழுவுக்கு எட்டாத சுரங்களை இறக்கினார்கள், அலங்காரங்களை உதறினார்கள், கையில் இருக்கும் வாத்தியத்துக்கு ஏற்பப் பாகங்களை மாற்றினார்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன். பெரிய வெள்ளியன்று பொறையாற்றில் நாங்கள் ஞானப்பாட்டாகப் பாடும் அதே ஜெர்மன் மெட்டு அங்கேயும் வந்தது. முதல் அடியிலேயே அடையாளம் கண்டுகொண்டு நானும் தமிழ் வார்த்தைகளை முணுமுணுத்தேன். மூன்றாவது அடிக்குள் அவர்களை விட்டு முன்னே ஓடிவிட்டேன். அவர்கள் அவ்வளவு நிதானமாகப் பாடினார்கள். பெண்களின் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படியேறாமல் சறுக்கிக்கொண்டு போகும். ஆர்கன் அதற்காகக் காத்திருக்கும். ஜெர்மனியில் எந்த ஆலயத்திலும் அப்படிப் பாட மாட்டார்கள். இருநூறு ஆண்டுகளாக ஒரு மக்கள் தங்கள் வாயில் போட்டு மென்ற இசையை ‘இறக்குமதி’ என்று கட்டுரையாளர் எழுதுவதாக இருந்தால், நாகஸ்வரக் கச்சேரியில் மேற்கத்திய மெட்டான ‘நோட்டு’ வாசிப்பதை என்னவென்று எழுதுவார்?

ஈஸ்டர் காலையைப் பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான். அங்கே அது ஏப்ரலில் வந்தாலும் கடல் உறைந்துதான் கிடக்கும். இருட்டிலேயே பித்தளைக் குழு வீதியில் இறங்கி வாசித்து ஊரை எழுப்பும். கார்னெட் என்ற சிறு பித்தளைக் குழலின் ஊதுவாய் குளிரில் பனிக்கட்டியாகிவிடும் என்பதால், வாசிப்பவர்கள் அதைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடேற்றிக்கொண்டே நடப்பார்கள். ஆலயத்தின் கூரைமேல் ஏறி வாசித்த காலமும் உண்டு. பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. வெள்ளைத் துணியில் ஓரப் பின்னல் போட்ட மேலங்கி அணிந்த பெண்கள், பனியில் கால் புதையக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து வருவார்கள். மொரேவியன் கல்லறைகள் எல்லாம் ஒரே அளவில் தரையோடு தரையாகக் கிடக்கும். சாவில் பெரியவர் சிறியவர் இல்லை என்பது அவர்கள் எண்ணம். பனி மூடிவிட்டால் எது யாருடையது என்று ஊரார் மட்டுமே காட்ட முடியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, குழந்தைகள் கையில் ஆளுக்கொரு ஆப்பிள். அதில் குத்திவைத்த மெழுகுவத்தி எரியும். அந்தக் காலத்தில் மிஷன் தோட்டத்தில் விளைந்த டர்னிப் கிழங்கில் குத்திவைத்தார்களாம். அங்கே டிசம்பரில் ஆப்பிள் வருவது சரக்கு விமானத்தில். அதன் விலையைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் மெழுகுவத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஊருக்குச் சாலை கிடையாது. வானிலை கெட்டால் விமானமும் கிடையாது. நிரந்தரப் போதகர் இல்லாத காலங்களில் வழிபாடு நின்றுவிடவில்லை. சபை ஊழியர் என்றொரு பொறுப்பு அங்கே உண்டு. நம் ஊர் கோயில்பிள்ளையின் வேலையும் சபை மூப்பரின் வேலையும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணுமாக அந்த ஊழியர்களே ஞாயிறு காலை லித்தானியாவை (ஒருவர் சொல்ல, சபையார் மறுமொழி சொல்லும் மன்றாட்டை) நடத்துவார்கள், அடக்க ஆராதனை செய்வார்கள். ‘போதகர் இல்லாததால் நலிந்துபோன சபை’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி உண்மை. போதகர் இல்லாதபோதும் தாங்கிப் பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பது மீதிப் பாதி.

எதையும் மூடி மறைப்பதற்காக இதை எழுதவில்லை. மொரேவியன்கள் இனுயிட்களின் மேளத்தையும் மேள நடனத்தையும் அடக்கினார்கள். அவர்களுடைய கப்பலே சாவைக் கொண்டுவந்தது: 1918இன் பின்பாதியில் ‘ஹார்மனி’ என்ற மிஷன் கப்பல் ஸ்பானிஷ் காய்ச்சலோடு ஹெப்ரானிலும் ஓகாக்கிலும் நின்றுவிட்டுப் போனது. லாப்ரடார் இனுயிட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார். ஓகாக்கில் வயதுவந்த ஆண்கள் அனைவரும் மாண்டார்கள். மிஞ்சிய பெண்களும் குழந்தைகளும் வீடுகளைக் கொளுத்திவிட்டு ஊரை விட்டே போனார்கள். அந்த ஊர்ப் பாடகர் குழுவும் அதோடு முடிந்தது. நெயினிலும் மக்கோவிக்கிலும் நடந்த விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் மொழியை இழந்தார்கள். அதற்கு அப்போதைய கனடாப் பிரதமர் ட்ரூடோ 2017இல் வந்து மன்னிப்புக் கேட்டார்.

எல்லாவற்றிலும் கசப்பானது ஹெப்ரான். 1959இல் மாகாண அரசும் மருத்துவ மிஷனும் சபையும் சேர்ந்து அந்த ஊரை மூட முடிவெடுத்தன. முடிவை ஆலயத்துக்குள் வைத்து அறிவித்தார்கள். ஆலயத்தில் எதிர்த்துப் பேசுவது அந்த மக்களின் வழக்கமல்ல. அது அறிவித்தவர்களுக்குத் தெரியும். குடும்பங்களைப் பிரித்துத் தெற்கே இருந்த ஊர்களின் ஓரங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். வேட்டையாடத் தெரிந்தவனுக்கு அங்கே எந்த விரிகுடாவில் சீல் வரும் என்று தெரியாது. மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்க 2005 ஆயிற்று. நெயினில் ஹெப்ரானிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருந்தார். சபையின் மேல் அவருக்கு இருந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பாடகர் குழுவில் பேஸ் என்ற கனத்த ஆண் குரலில் பாடியவர் அவர்தான். கட்டுரையாளர் பார்வையில் இது முரண்பாடு. அந்தப் பெரியவருக்கு முரண்பாடாக இருக்கவில்லை. சபை அவரை வெளியேற்றியது. பாட்டு அவரோடு வந்தது.

ஏப்ரஹாம் உல்ரிகாப் என்ற ஹெப்ரான் மனிதரையும் கட்டுரையில் எதிர்பார்த்தேன். 1880இல் ஜெர்மன் விலங்கு வணிகர் ஹாகன்பெக்கின் கண்காட்சிக்காக மனைவி மக்களோடும் வேறு சிலரோடுமாக எட்டுப் பேர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விலங்குக் காட்சிச் சாலைகளில் மக்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். ஏப்ரஹாம் வயலின் வாசிப்பவர், படித்தவர், தம் மொழியில் நாட்குறிப்பு எழுதியவர். ‘காட்டுமனிதன்’ என்று டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்த பெர்லின்காரர்களில் எத்தனை பேருக்கு வயலின் வாசிக்கத் தெரிந்திருக்கும்? 1881 ஜனவரிக்குள் எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்துபோனார்கள். ஏப்ரஹாம் பாரிஸில் இறந்தார்.

இப்போது நடக்கும் மீட்பு முயற்சிக்கு வருகிறேன். மெமோரியல் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர் டாம் கார்டன் ஆலயங்களில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளை வரிசைப்படுத்தியதும், பாட்டையும் பித்தளைக் குழுவையும் மீட்க ஊர்க்காரர்களோடு சேர்ந்து உழைத்ததும் உண்மை; பாராட்ட வேண்டியது. ஆனால் ஒரு பேராசிரியர் வந்து ஒரு மரபைக் காப்பாற்றினார் என்று எழுதுவது பிழை. அந்தப் பிரதிகளை எலிக்கும் ஈரத்துக்கும் நெருப்புக்கும் தப்பவைத்து அவர் வரும்வரை வைத்திருந்தவர்கள் யார்? 1921இல் நெயினில் மிஷன் கட்டடங்கள் எரிந்தன. அதற்குப் பிறகும் அங்கே பாட்டுத் தாள்கள் இருக்கின்றன என்றால், யாரோ பத்திரப்படுத்தினார்கள், யாரோ மீண்டும் எழுதினார்கள்.

இன்னொன்று. 2005 டிசம்பரில் லாப்ரடார் இனுயிட்களுக்கு நுனாட்சியாவுட் என்ற தன்னாட்சி அமைந்த பிறகு மேளமும் திரும்பி வந்திருக்கிறது. நெயினில் இளைஞர்கள் மேளம் அடிக்கிறார்கள். கட்டுரையாளர் இதை வழிபாட்டு மரபுக்கு எதிரணியாக நிறுத்துகிறார்: உண்மையான பண்பாடு மேளம், பொய்யானது வயலின். வார நாளில் மேளமும் ஞாயிறன்று டிராம்போனும் வாசிக்கிற பிள்ளைகளை நான் வகுப்பில் வைத்திருந்தேன். இரண்டுக்கும் நடுவே சண்டை மூட்டி யாருக்கு என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான முடிச்சு வேறு. பயிற்சிக்கு வரும் மூத்த பெண்களுக்குச் சொல் தெரியும். ஆல்டோ என்ற தாழ்ந்த பெண் குரல் பாகம் முழுவதும் காதில் இருக்கிறது. ஆனால் சுரக்குறிப்பு வாசிக்க வராது. பள்ளியில் கார்னெட் கற்ற பையனுக்குக் குறிப்பு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வீட்டில் ஆங்கிலம்தான். பழைய பிரதியில் எந்த அசை எந்தச் சுரத்தில் விழும் என்பது எப்போதும் தெளிவாக எழுதப்பட்டிருக்காது; எழுதியவருக்கும் பாடியவருக்கும் அது தெரிந்த விஷயம். ஆகவே பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் ஒரு வரியாவது நகரும். மேசைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வயதுப் பாட்டிகள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிற்றில் பாடும் ‘ஓசன்னா’ பாட்டுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே ஒத்திகை நடப்பதன் காரணம் அதுதான். பக்தி மிகுதி மட்டுமல்ல.

இதெல்லாம் நமக்கு எட்டாத் தொலைவுக் கதை என்று வாசகர்கள் நினைக்க வேண்டியதில்லை. 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக்தான் 1721இல் ஹான்ஸ் எகெடேயைக் கிரீன்லாந்துக்கு அனுப்பினார். இரண்டு மிஷன்களும் கோபன்ஹேகனில் ஒரே மிஷன் சங்கத்தின் மேற்பார்வையில் இருந்தன. சின்சென்டார்ஃப் ஜெர்மனியின் ஹாலே நகரில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, விடுமுறையில் வந்திருந்த சீகன்பால்கைப் பார்த்திருக்கிறார். 1733இல் மொரேவியன்கள் கிரீன்லாந்துக்குப் போனார்கள். அங்கிருந்துதான் யென்ஸ் ஹாவன் வழியாக லாப்ரடார். 1760இல் மொரேவியன்கள் தரங்கம்பாடிக்கே வந்து, ஊருக்கு வெளியே ‘சகோதரர் தோட்டம்’ அமைத்து, நிக்கோபார் தீவுகளுக்கு ஆள் அனுப்பி, காய்ச்சலில் பலரைப் பறிகொடுத்து, 1803 அளவில் மூட்டை கட்டினார்கள். நெயினில் வேரூன்றியது இங்கே ஊன்றவில்லை. ஏன் என்பது தனிக் கட்டுரைக்குரியது. அதைத் தாங்கள் கேட்டு வாங்கி வெளியிட்டால் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன்.

கட்டுரையின் கடைசித் தீர்ப்புக்கு என் பதில் இதுதான். ஒலிப்பதிவுகள் ஏற்கெனவே இருக்கின்றன, நல்லவை. அவை ஈஸ்டர் காலையில் வீதியில் நடக்காது, லித்தானியாவுக்கு மறுமொழி சொல்லாது, சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பாடாது. அந்தக் கார்னெட் பையன் பள்ளி முடித்ததும் வேலை தேடிக் கூஸ் பே நகருக்குப் போய்விட்டான். விமானக் கட்டணம் கட்டி ஈஸ்டருக்கு வர அவனால் முடிவதில்லை. குழுவில் அவன் இடம் காலியாக இருக்கிறது. முழுப் பக்கத்தில் அவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பொறையாறு.